அக்செப்ட்டுக்கு அடுத்த வரி

மலையகத்துத் தேயிலை பெக்டரிகளிலிருந்து டிரையர்களின் சூட்டை வாங்கிச் சேர்க்கும் நிரல் ஒன்று கண்டியில் பல வருடம் பிரீபிஎஸ்டியில் ஓடியது. அதை லினக்ஸுக்கு மாற்றும் வேலை என் கைக்கு வந்தது. மழை பிடித்தால் புசல்லாவைப் பக்கம் இணைப்பு இழுபடும். பாதி வரி வரும், மீதி எப்போது வருமோ தெரியாது. எந்த ஒரு பெக்டரிக்காகவும் நின்றுவிடக் கூடாது என்றுதான் அதை நான்பிளாக்கிங் முறையில் எழுதியிருந்தார்கள்.

லினக்ஸில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. ஆனால் ஒரு பெக்டரி பேசினால் மற்றவை ஊமையாகிவிடும். “தம்பி, காலையிலேருந்து எங்க கணக்கு ஏறவே இல்லையே” என்று சுப்பர்வைசர் ஒருவர் கூப்பிட்டார். நிரல் செய்யும் சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். கடைசி வரியில் ரீட், திறந்த அடைப்புக்குறி, சொக்கெட் எண், ஒரு காற்புள்ளி. அதோடு சரி. கம்பைல் ஆனால் போதும் என்று எனக்கிருந்த நிம்மதி அந்த வரியோடு போய்விட்டது.

கேட்கும் சொக்கெட்டில் காத்திருக்காதே என்று சொல்லும் ஓ_நான்பிளாக் இருந்தால், பிரீபிஎஸ்டியில், வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட் தரும் புதிய சொக்கெட்டுக்கும் அது தானாக வந்துசேரும். லினக்ஸில் வராது. நிரலோ, எடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லும் ஈஅகெய்ன் வரும்வரை ரீட்டை விடாமல் அழைத்தது. அந்தப் பதிலே வராத இடத்தில் அது தூங்கிப்போனது. அக்செப்ட் முடிந்த கையோடு எஃப்சிஎன்டிஎல்லால் இருக்கும் நிலையைப் படித்து, ஓ_நான்பிளாக்கையும் சேர்த்து எழுதிவிட்டேன். இரண்டு சிஸ்டத்திலும் ஓடியது.

தோண்டத் தோண்ட இன்னும் கிடைத்தது. பழைய யூனிக்ஸான சிஸ்டம் வீயின் ஓ_என்டிலேயில், டேட்டா இல்லாவிட்டாலும் ரீட் 0 தரும், எதிர்முனை மூடினாலும் 0 தரும். எது எதுவென்று எப்படிப் பிரிப்பது? 1988இல் வந்த போசிக்ஸ் தரநிலைதான் ஓ_நான்பிளாக்கைக் கொடுத்து, டேட்டா இல்லாவிட்டால் -1உம் ஈஅகெய்னும் என்று அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பிரீபிஎஸ்டி வந்த பெர்க்லி வழியில் அதே பதிலுக்கு ஈவுட்பிளாக் என்று பெயர். லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே எண். எல்லா இடத்திலும் அப்படி இருக்கவேண்டும் என்று போசிக்ஸ் கேட்கவில்லை. ஆகவே இரண்டையும் சோதிக்கிறேன். சொக்கெட்டுகளில் ஏதாவது வரும்வரை குறித்த நேரம் காத்திருக்கும் செலெக்ட்டிலும் வேறுபாடு உண்டு: அது திரும்பும்போது லினக்ஸ் மீதி நேரத்தை நாம் கொடுத்த இடத்திலேயே எழுதிவிடும், வேறு பல சிஸ்டங்கள் அதைத் தொடாது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன் நேரத்தைப் புதிதாக நிரப்புவதே நல்லது.

இன்று பேராதனைப் பக்கம் என்னிடம் வரும் பிள்ளைகள் மேக்கில் எழுதி லினக்ஸ் சேர்வரில் ஏற்றுகிறார்கள். அக்செப்ட் விஷயத்தில் மேக்கும் பிரீபிஎஸ்டி போலத்தான். சி நிரல் எதையாவது பார்க்கத் தந்தால், அக்செப்ட்டுக்கு அடுத்த வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.