முடவனும் கொம்புத் தேனும்

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?" என்று கேட்கிறது நம் நாட்டுப் பழமொழி. கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பதில்லை. 'கூடாது' என்ற விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறது. தேன் உயரத்தில் இருக்கிறது. அவனோ தரையில் இருக்கிறான். ஆகவே நாவை அடக்கிக்கொள்ள வேண்டியவன் அவனே! இதுதான் அது கூறும் நீதி. ஏணி ஒன்று செய்து கொடுக்கலாமே என்று அது எண்ணவில்லை.

நாம் ஆசிரியப்பணி ஆற்றுவது கல்வராயன் மலையில். தேனும் சாமையும் தரும் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. பள்ளியும் மருத்துவமும் பாதையும் பிந்தித்தான் இங்கே ஏறி வந்தன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை, ஆட்சியரைக் காண வேண்டுமென்றால் மலையிறங்கி விழுப்புரம் வரை செல்ல வேண்டும். இரு காலும் உரமாக உள்ளவனுக்கே ஒரு நாள் கூலி போகும் பயணம். கால் வழங்காதவனுக்கு?

அப்படி ஒருவரை நாம் அறிவோம். நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களைக் கொண்டுபோயிற்று. 2014-இல் இந்தியா அந்நோய் அற்ற நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. மகிழ்ச்சி! ஆனால் அதற்கு முன்பே கால் இழந்தவர்கள் நம்மிடையே நடமாட முடியாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மலையில் சிறு கடை வைத்திருக்கிறார் அவர். சரக்கு எடுக்கக் கச்சிராயபாளையம் இறங்க வேண்டும். அதுவரை பிறர் வண்டியில் தொற்றிக்கொண்டு, பிறர் வசதிக்கு இறங்கி, பிறர் வசதிக்கு ஏறிய வாழ்க்கை. பின்னர், இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று அரசின் திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது. அன்றுதான் அவர் தம் வீட்டிலிருந்து தாமாகப் புறப்பட்டார். அந்த மகிழ்ச்சியை முகத்தில் கண்டவர்கள் நாம்.

வண்டி வந்துவிட்டது, உரிமம் வரவில்லை. உடன் சென்றோம். ஓர் அலுவலகத்தின் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாள்களைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். "நீயா ஓட்டப்போறே?" என்றார். மருத்துவச் சான்றை நீட்டினோம். "இது போதாது, அடுத்த வாரம் வா" என்றார். அடுத்த வாரமும் அதே மேசை, அதே பார்வை, அதே கேள்வி. வெளியே வந்ததும் நண்பர் சொன்னார்: "சார், காலு போச்சு, சரி. கண்ணும் கையும் எங்கிட்டதானே இருக்கு? வண்டிய ஓட்டுறது அதுதானே?"

இதைவிடத் தெளிவாகச் சட்டம்கூடச் சொல்லவில்லை, தோழர்களே! ஆனால் சட்டமும் இப்போது ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் இத்தகையோரின் வண்டிக்கு 'இன்வாலிட் கேரேஜ்' என்று பெயரிட்டது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பெயரைச் சுமந்தது. நோயாளியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும், செல்லாக் காசைக் குறிக்கும் சொல்லுக்கும் எழுத்து ஒன்றுதான்! பெயரோடு போயிற்றா? உடற்குறை உடையோருக்கென்றே தனியாக வடித்துக் கட்டப்பட்ட வண்டியாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்று வரையறை வேறு செய்தது. தனியாக வண்டி கட்டுவிக்கச் செல்வர்க்கு முடியும். சந்தையில் விற்கும் ஸ்கூட்டருக்கு இரு சக்கரம் கூட்டிப் பொருத்திக்கொள்ளும் ஏழை அந்த வரையறைக்கு வெளியே நின்றான். 2019-ஆம் ஆண்டின் திருத்தம்தான் அந்தப் பெயரை நீக்கி, 'மாற்றியமைக்கப்பட்ட ஊர்தி' என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டி, முறைப்படி மாற்றம் செய்த வண்டியையும் உள்ளே அழைத்துக்கொண்டது. அத்தகைய வண்டியை ஓட்டத் தகுதி உண்டு என்று அதிகாரி நிறைவடைந்தால் உரிமம் வழங்கலாம் என்கிறது சட்டம். எந்த வகை வண்டிக்கு உரிமம் கேட்கிறானோ அந்த வகை வண்டியிலேயே அவனைச் சோதிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. மேசையில் அமர்ந்து காலை அளப்பது சோதனை ஆகாது. களத்தில் இறக்கி ஓட்டச் சொல்வதே சோதனை.

காது கேளாதோர் நிலையும் இதுவே. தேர்வில் தேறினால் அவர்களுக்கும் உரிமம் உண்டு என்று 2011-இல் டில்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டியது. பக்கத்துக் கேரளத்தில், இரு கைகளும் இன்றிப் பிறந்த ஜிலுமோள் என்னும் மங்கை, தமக்கென மாற்றியமைத்த காரைக் கால்களால் செலுத்திக் காட்டி, 2023 டிசம்பரில் உரிமம் பெற்றார். கை இல்லாதவர் கார் ஓட்டுகிறார்! உடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். ஓட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதால் சாலைக்கு வந்தார். பிறப்பைப் பார்த்து, இவன் இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று வகுத்த நாடு இது. அந்தப் பழக்கம்தான் இன்று உடலைப் பார்த்து வகுக்கிறது என்று கூறினால் அது மிகையா?

உரிமம் ஒரு புறம் இருக்கட்டும். வண்டியில் ஒட்டும் குறியைப் பற்றியும் ஒரு சொல். நீல நிறத்தில் வெண்ணிறச் சக்கர நாற்காலி. 1968-இல் டென்மார்க்கு நாட்டு மாணவி சுசான் கோஃபோட் வரைந்த படத்திலிருந்து உலகெங்கும் பரவிய சின்னம் அது. நம் நண்பரின் வண்டியிலும் அது உண்டு. அதைக் கண்டு விலகி வழிவிடுவோர் உண்டா? பின்னால் வரும் வண்டி ஒலிப்பானை அலறவிடுகிறது; முந்திச் செல்பவன் திரும்பிப் பார்த்து இரக்கப்படுகிறான். அவர் கேட்டது இரக்கமா? இடம்!

சப்பானில் வேறு வழக்கம். உடற்குறை உடைய ஓட்டுநர்க்கு நான்கிலைக் குறி. காது கேளாத ஓட்டுநர்க்கு வண்ணத்துப்பூச்சிக் குறி. அவ்வண்டிகளின் முன்னே முரட்டுத்தனமாகக் குறுக்கிடுபவனுக்குத் தண்டனை உண்டு. அங்கே குறி, ஒட்டியவனைவிடப் பார்ப்பவனைக் கட்டுகிறது. நம் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒலி எழுப்பித்தான் வண்டிகள் ஒன்றையொன்று அறிகின்றன. முன்னே செல்பவர் செவிப்புலன் அற்றவர் என்பதைப் பின்னே வரும் பேருந்துக்கு எது உணர்த்தும்? கண்ணுக்குத் தெரியும் குறி ஒன்றுதான் உணர்த்தும். அதற்குப் பொருள் இன்னதென்று பேருந்து ஓட்டுநர்க்குக் கற்பித்திருந்தால் மட்டுமே உணர்த்தும். உடற்குறை உடையோர்க்கென வடிக்கப்பட்ட வண்டிக்கு 2008-ஆம் ஆண்டு விதிகள் நெடுஞ்சாலைச் சுங்கத்தில் விலக்கு அளிக்கின்றன. நன்று. காசைத் தள்ளுபடி செய்யத் தெரிந்த நாம், வழியைத் தரவும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

'ஊனமுற்றோர்' என்று சொல்லி வந்த தமிழகத்துக்கு 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை வழங்கினார் கலைஞர். அது மரியாதைக்குச் சொன்ன சொல் மட்டுமன்று. திறன் உண்டு, அது வேறு வழியில் வெளிப்படும் என்று உரைக்கும் சொல். சுவரில் அச்சொல்லை எழுதி வைத்துவிட்டு, மேசையில் 'நீயா ஓட்டப்போறே?' என்று கேட்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகுமா?

நான்காம் முறை சென்றபோது வேறோர் அதிகாரி இருந்தார். இளைஞர். "வண்டி எங்கே? ஓட்டிக் காட்டுங்க" என்றார், அவ்வளவுதான். நண்பர் எட்டுப் போட்டார். கால் ஊன்றினால் தோல்வி என்பது அந்தத் தேர்வின் விதி. நண்பர் ஊன்றவில்லை! வரிசையில் நின்ற இளைஞர்கள் கைதட்டினர். ஒரு மாதமாக மூடிக் கிடந்த கதவு, ஓட்டிப் பார்க்கச் சொன்ன ஒரே சொல்லில் திறந்தது. அந்தச் சொல் அதிகாரியின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. எவர் அமர்ந்தாலும் அந்நாற்காலி சொல்ல வேண்டிய சொல்லாக இருக்க வேண்டும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. மலைவாழ் மக்கள் இறங்கி வர வேண்டியிராமல், மருத்துவரும் உரிம அதிகாரியும் ஆண்டுக்குச் சில முறையேனும் வெள்ளிமலைக்கு ஏறி வரட்டும். உரிமம் கேட்டு வரும் ஒவ்வோர் ஓட்டுநர்க்கும், அந்தக் குறியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்வில் கேட்கட்டும். ஆசிரியர்களாகிய நாமோ, வகுப்பில் அந்தப் பழமொழியை விளக்கும் நாள் வரும்போது மாணவர்களிடம் வேறொரு கேள்வியை வைப்போம்: தேன் கொம்பில் இருக்கிறது, ஏறுவதற்கு ஏணி செய்ய வேண்டியவர் யார்?