அறுநூற்று நாற்பத்து மூவரில் ஒருவர்

ஓர் ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் கோயிற் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் நாடிச் செல்வர். யான் பிறந்த விருதுநகரோ மிளகாய் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் பெயர்பெற்ற வியாபார ஸ்தலம். எங்கள் ஊரார் எதனையும் கணக்கிலேயே எழுதி வைக்கும் இயல்பினர். ஆதலின், எங்கள் ஊரின் சரித்திரத்தையும் ஒரு கணக்கினைக் கொண்டே சொல்லத் துணிந்தேன். அஃது எடையின் கணக்கன்று, விலையின் கணக்குமன்று, வாக்குக் கணக்கு. அக்கணக்கில் என் பாட்டியார் எழுதிய ஒரு புள்ளியும் உண்டு என்பதை அண்மையிலேதான் அறிந்தேன்.

விருதுபட்டி என்னும் பழம்பெயர் 1923-ஆம் ஆண்டில் விருதுநகர் என மாறிற்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1903 ஜூலை 15-ஆம் நாள், அவ்வூரிற் பிறந்தவர் காமராசர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சாத்தூர்த் தொகுதியினின்று எதிர்ப்பின்றிச் சென்னைச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1941-இல் அவர் சிறையில் இருந்தபொழுதே விருதுநகர் நகரசபையார் அவரைத் தங்கள் தலைவராக்கினர். விடுதலைபெற்று வந்தவர், முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை வகித்தல் தகாதென்று கருதி, அப்பதவியினின்று உடனே விலகினார். பதவி அவரைத் தேடிச் செல்வதும், அவர் அதனைத் துறப்பதும் அந்நாளிலேயே தொடங்கிவிட்டன எனலாம்.

அக்காலத்தில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதாயில்லை. வரி செலுத்துவோர், சொத்துடையோர், ஓரளவு கல்வி பெற்றோர் முதலிய சிலர்க்கே அஃது உரித்தாயிருந்தது. 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலேதான் இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவரும் வாக்களிக்கும் பேறு பெற்றனர். அவ்வாண்டிலும் 1957-லும் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனியே பெட்டி வைத்திருந்தனர். பெட்டியின்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருக்கும்; வாக்காளர் தமக்கு உகந்த பெட்டியில் சீட்டை இட்டு மீள்வர். பின்னரே ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு, வேண்டியதன்மேல் முத்திரை குத்தும் முறை வந்தது. எழுத்தறியாதவரும் எருதினையும் ஞாயிற்றையும் அறிவரன்றோ?

காமராசர் 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றார். 1954-இல் முதலமைச்சராகிக் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். 1957-லும் 1962-லும் சாத்தூரில் வெற்றி பெற்றார். 1963-இல் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்து, அடுத்த ஆண்டில் காங்கிரஸ் மகாசபையின் தலைவரானார். லால் பகதூர் சாஸ்திரியும், அவர்க்குப்பின் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர்தம் கைக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தகைய பெருமையுடன் 1967-இல் அவர் தாம் பிறந்த விருதுநகர்த் தொகுதியிலே நின்றார். எதிர்த்து நின்றவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சார்ந்த பெ. சீனிவாசன் என்னும் இளைஞர். 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர் தலைவராய் விளங்கியவர்.

முடிவு யாவரும் அறிந்ததே. சீனிவாசன் பெற்ற வாக்குகள் 33,421. காமராசர் பெற்றவை 32,136. வித்தியாசம் 1,285. சட்டசபையில் 137 இடங்களைக் கைப்பற்றிய கழகத்தின் சார்பில் அண்ணாதுரை முதலமைச்சரானார். காமராசர் தோற்றமைக்கு அவரே வருந்தினார் என்று கூறுவர்.

என் பாட்டனார் மிளகாய் வற்றல் கமிஷன் மண்டியொன்றில் கணக்கெழுதியவர், உறுதியான காங்கிரஸ்காரர். கணக்கர்க்கே உரிய முறையில் அவர் அந்த 1,285-ஐ இரண்டால் வகுத்து வைத்திருந்தார். "அறுநூற்று நாற்பத்து மூன்று பேர், ஞாயிற்றில் குத்திய முத்திரையைக் காளைமேல் குத்தியிருந்தால், பெரியவர் ஒரு வாக்கில் வென்றிருப்பார்," என்பது அவர் ஓயாது கூறிய வாசகம். இக்கணக்கு எங்கள் வீட்டிற் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போன்றதாயிற்று. என் தந்தையார் அதனைக் கேட்டே வளர்ந்தார். பாட்டனார் 2003-ஆம் ஆண்டிற் காலமானார். யான் அக்கணக்கினைத் தந்தையாரிடமிருந்து கற்றேன்.

நிற்க. 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் யான் முதன்முறை வாக்களிக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய இரவு, முற்றத்தில் அமர்ந்திருந்த பாட்டியாரிடம், "அப்பத்தா, நீங்கள் முதலில் வாக்களித்தது எப்போது?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அறுபத்தேழில், ஐயா. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது."

"அப்படியானால் காமராசருக்கே வாக்களிக்கும் பாக்கியம் பெற்றீர்கள்!"

அவர் நெடுநேரம் பேசவில்லை. தெருவில் தேர்தல் வண்டியொன்று ஒலிபெருக்கியின்றி, விளக்கை மட்டும் எரியவிட்டுக்கொண்டு சென்றது. அது மறைந்தபின், "உன் தாத்தா சொல்லும் அறுநூற்று நாற்பத்து மூன்று பேரில் நானும் ஒருத்தி," என்றார்.

யான் திகைத்துப்போனேன். பாட்டியாரின் பள்ளிக்கதை எங்கள் வீட்டில் எல்லார்க்கும் தெரியும். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அவர்க்கு வயது பதினொன்று. அதற்குமுன் அவர் தாயாரோடு வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பள்ளியிற் சோறு கிடைக்குமென்ற செய்தி வந்தபின்னரே அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினர். அவர் எழுதப் படிக்கக் கற்றது அச்சோற்றினால். அச்சோற்றை இட்டவரையா அவர் தோற்கடித்தார்?

என் முகத்திலிருந்த கேள்வியை அவர் அறிந்துகொண்டார் போலும்.

"அந்த வருஷம் அரிசி கிடைக்கவில்லை, ஐயா. உன் பெரியப்பா கைக்குழந்தை. எனக்குப் பால் சுரக்கவில்லை. விடியுமுன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவேன். கடை வாசலிற் பலகை ஒன்று மாட்டியிருக்கும். வரிசையில் நிற்கும் பெண்களுள் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. 'என்ன எழுதியிருக்கிறது, தாயீ?' என்று எல்லாரும் என்னைக் கேட்பார்கள். 'அரிசி இருப்பு இல்லை' என்று நான்தான் வாசித்துச் சொல்வேன். பத்து நாள், இருபது நாள் அதையே வாசித்தேன். அவர் போட்ட சோற்றைத் தின்று கற்ற எழுத்து அது. அதை வைத்துக்கொண்டு நான் வாசித்தது அந்தப் பலகையைத்தான்."

ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று கழகத்தார் அப்போது கூறிவந்தனர். வாக்குச்சாவடிக்குள் நுழையும்வரை தாம் காளைச் சின்னத்திற்கே வாக்களிக்கப் போவதாக எண்ணியிருந்ததாகவும், மறைப்புக்குள் நின்று முத்திரைக் கட்டையைக் கையிலெடுத்தபோது குழந்தையின் அழுகுரல் நினைவிற்கு வந்ததாகவும், அதன்பின் கை தானே மற்றதன்மேற் சென்றதாகவும் பாட்டியார் கூறினார். பிற்பாடு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. "நம்மூரில் நான் அதைப் பார்க்கவில்லை," என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் கசப்பில்லை.

முடிவு தெரிந்த இரவில் தெருவெங்கும் சரவெடி வெடித்ததாம். சிவகாசி எங்கள் ஊருக்கு அண்மையிலிருத்தலின் வெடிக்குக் குறைவில்லை. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் சுவரொட்டி அச்சிடுவதும் அவ்வூரே. வென்றவர்க்கு வெடி தருவதும் அவ்வூரே. பாட்டனார் அன்றிரவு உண்ணவில்லை. திண்ணையில் அமர்ந்தபடி, "எந்த நன்றிகெட்ட கைகளோ!" என்று ஒருமுறை சொன்னாராம். பாட்டியார் கதவருகே நின்று, மைப்பொட்டு வைத்த விரலை முந்தானையால் மூடிக்கொண்டார்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் காலமான செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் மிகுதியாக அழுதவர் பாட்டியாரே. அவரைத் தேற்றுவான் வேண்டிப் பாட்டனார், "அழாதே. இந்த ஊர் கைவிட்டாலும் நீயும் நானும் கைவிடவில்லையே," என்றாராம்.

"அதற்கு நான் என்ன சொல்வது, ஐயா? பேசாமலிருந்தேன். அதன்பின் இருபத்தெட்டு வருஷமும் பேசாமலே இருந்தேன்."

"நீங்கள் செய்தது பிழையென்று நினைக்கிறீர்களா?"

"அரிசிக்காக நியாயம், அவருக்காக அநியாயம். இரண்டையும் ஒரு சீட்டில் எப்படிக் குத்துவது?"

இவ்வினாவிற்கு என் பாடநூல்களில் விடை கிடைக்கவில்லை. எங்கள் தொகுதியின் பின்வரலாற்றை நோக்கினால், பாட்டியாரின் கை தனித்ததன்று என்பது மட்டும் விளங்கும். சீனிவாசன் 1971-லும் வென்றார். சிவகாசிப் பாராளுமன்றத் தொகுதியில் 1998-லும் 1999-லும் வைகோவைத் தேர்ந்த மக்கள், எல்லைகள் மாற்றப்பெற்று 2009-இல் விருதுநகர்த் தொகுதி உருவானபோது 15,764 வாக்குகளால் அவரைத் தோற்கச்செய்து மாணிக்கம் தாகூரைத் தேர்ந்தனர். 2014-இல் அவரையும் விடுத்து அ.இ.அ.தி.மு.க. அபேட்சகரை அனுப்பினர், 2019-இல் மீண்டும் தாகூரையே அழைத்தனர். சட்டமன்றத் தொகுதியிலும் 2006-இல் ம.தி.மு.க., 2011-இல் தே.மு.தி.க., 2016-லும் 2021-லும் தி.மு.க. என மாறிமாறியே வெற்றி அமைந்தது.

இஃது எங்கள் ஊர்க்கே உரிய இயல்புமன்று. கொரிய நாட்டின் தலைநகராகிய சியோலில் சோங்னோ என்றொரு தொகுதி உண்டு. 1996-இல் அங்கே தோற்ற ரோ மூ ஹியூன் 1998 இடைத்தேர்தலில் அங்கேயே வென்றார். பின் அத்தொகுதியைத் தாமே விடுத்து, 2000-இல் பூசான் நகரில் நின்று தோற்றார். ஆயினும் 2002-ஆம் ஆண்டிறுதியில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். காமராசரும் 1969-இல் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் சபையேறினாரன்றோ? ஆகவே தோல்வி என்பது மக்கள் ஒருவர்மீது கொண்ட அன்பின் முடிவன்று. அன்றைய தேவைக்கு அவர்கள் கூறிய விடையேயாகும்.

மறுநாட் காலையில் பாட்டியாரைக் கைப்பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். இக்காலத்தில் சீட்டுமில்லை, முத்திரையுமில்லை. பொத்தானை அழுத்தினால் ஒலியெழுகின்றது. யான் யாருக்கு வாக்களித்தேன் என்று அவர் கேட்கவில்லை. அவர் யாருக்கு வாக்களித்தார் என்று யானும் கேட்கவில்லை. ஜூன் 4-ஆம் நாள் முடிவு வெளிவந்தது. தாகூர் 4,379 வாக்குகளால் வென்றார். அவ்வாண்டு தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் மிகக் குறைந்த வித்தியாசம் அதுவே. யான் என்னையறியாமலே அவ்வெண்ணை இரண்டால் வகுத்தேன்: இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு பேர்.

வீடு திரும்பிய அன்று, பாட்டனாரின் படத்தருகே தொங்கும் காமராசர் படத்திற்குப் பாட்டியார் வழக்கம்போலப் பூச்சூட்டியதையும், மையிட்ட விரலை இம்முறை மூடாதிருந்ததையும் கண்டேன். வாக்குச்சாவடியின் மறைப்பு நம்மைப் பிறரிடமிருந்து மறைப்பதற்கென்றே எண்ணியிருந்தேன். நாம் பெரிதும் போற்றுவோரின் முகத்தைச் சிறிதுபொழுது நம்மிடமிருந்து மறைத்து, நம் தேவையை நாமே காணச் செய்வதும் அதன் தொழிலென இப்பொழுது உணர்கின்றேன். அதன்பின் வரும் துயரத்தையோ அவரவர் தனித்தே சுமத்தல் வேண்டும். என் பாட்டியார் அதனை ஐம்பத்தேழு ஆண்டுகள் சுமந்தார்.