கப்பலுக்கு என்ன தீனி?

மெத்தனால் என்ற பெயர் நம் செய்தித்தாள்களில் அடிபட்டால் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்களைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுதான். அதே மெத்தனாலைக் கப்பல்களுக்கு ஊற்றினால் பூமி சூடாவதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று டென்மார்க்கில் சொல்கிறார்கள்.

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் குடிப்பது, கச்சா எண்ணெயில் நல்லதையெல்லாம் வடித்தபின் அடியில் தங்கும் கசடு. எனக்குத் தெரிந்த மரைன் இன்ஜினீயர் பையன், "தார் மாதிரி இருக்கும் சார். நூறு டிகிரிக்கு மேல சூடு பண்ணாத்தான் இன்ஜின்ல இறங்கும்" என்றான். உலகக் கப்பல்கள் எல்லாமாகச் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 30 கோடி டன் எரிபொருளை எரிக்கின்றன. மனிதர்கள் வானத்தில் விடும் வெப்ப வாயுக்களில் ஏறக்குறைய 3 சதவீதம் இவற்றின் உபயம்.

காரைப் போல பாட்டரியில் ஓட்டலாமே என்பீர்கள். பசிபிக்கைத் தாண்டுகிற அளவுக்கு பாட்டரி ஏற்றினால் சரக்குக்கு இடமிருக்காது. இயற்கை எரிவாயுவைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 162 டிகிரி வேண்டும். மெத்தனால் சமர்த்து. சாதாரண வெப்பத்தில் சும்மா திரவமாக இருக்கும். கடலில் சிந்தினால் கரைந்துவிடும். குறையும் உண்டு. எண்ணெயில் பாதி சக்திதான், அதனால் டாங்க் இரண்டரை மடங்கு பெரிசாக வேண்டும். பகலில் அதன் ஜ்வாலை கண்ணுக்குத் தெரியாது. 1981ல் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் தீப்பிடித்துத் துடித்தபோது, பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை.

இன்ஜின் பிரச்னை தீர்ந்துவிட்டது. ஸ்வீடன்-ஜெர்மனி பயணிகள் கப்பலான ஸ்டீனா ஜெர்மானிகா 2015லேயே மெத்தனாலுக்கு மாறியது. 2023ல் 'லாரா மெர்ஸ்க்' என்ற கன்டெய்னர் கப்பல், கொரியாவின் உல்சானிலிருந்து கோபன்ஹேகன் வரை மெத்தனாலில் வந்து சேர்ந்தது.

சரி, 'பசுமை' எங்கே வருகிறது? மெத்தனாலில் பச்சை, கறுப்பு என்று ஜாதி கிடையாது, மூலக்கூறு ஒன்றுதான். நிலக்கரியிலிருந்து செய்தால் கப்பலின் புகையைத் தொழிற்சாலைக்கு மாற்றினதுதான் மிச்சம். காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, சாண எரிவாயுக் கூடங்களில் வீணாகும் கார்பன் டை ஆக்ஸைடுடன் சேர்த்தால் அது பசுமை. செடிகள் காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே திரும்புகிறது. வரவுக்கும் செலவுக்கும் சரி.

2025 மே மாதம் டென்மார்க்கில் காஸோ என்ற இடத்தில் இப்படி ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். வருஷத்துக்கு 42,000 டன். கேட்கப் பெரிசாக இருக்கிறதா? கணக்குப் போடுங்கள். 30 கோடி டன் எண்ணெய்க்கு ஈடு 60 கோடி டன் மெத்தனால். காஸோ மாதிரி பதினாலாயிரம் தொழிற்சாலை வேண்டும். உலகம் இன்று தயாரிக்கும் மெத்தனாலே மொத்தம் 11 கோடி டன் அளவுதான். அதிலும் அநேகமாக எல்லாம் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் செய்தது. ஸ்வீடனில் ஓர்ஸ்டெட் கம்பெனி கட்ட ஆரம்பித்த தொழிற்சாலையை, கட்டுப்படியாகும் விலைக்கு நீண்டகால ஒப்பந்தம் போட ஆள் இல்லை என்று 2024ல் கைவிட்டது.

ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள்? பாய்மரத்திலிருந்து நிலக்கரிக்கு மாறியபோது கப்பல்காரருக்கு லாபம், காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோதும் லாபம், அள்ளிப் போடும் ஆட்கள் வேண்டாம். இந்த மாற்றத்தில் அவருக்குப் புண்ணியம் மட்டுமே. விலையோ குறைந்தது இரண்டு மடங்கு. புண்ணியத்துக்காகக் கப்பல் விடுபவர் யார்?

ஆகவே சட்டம்தான் வழி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2050 வாக்கில் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று 2023ல் தீர்மானம் போட்டது. அளவுக்கு மேல் புகை விட்டால் காசு கட்டவேண்டும் என்ற திட்டமும் தயாரானது. 2025 அக்டோபரில் லண்டனில் அது நிறைவேற வேண்டியது. அமெரிக்கா எதிர்த்து நிற்க, ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஒரு வருஷம்தானே என்று நினைக்காதீர்கள். இன்று ஆர்டர் கொடுக்கும் கப்பல் இருபத்தைந்து வருஷம் ஓடும்.

இத்தனைக்கும் உங்கள் பையிலிருந்து போவது அதிகமில்லை. ஒரு பேச்சுக்கு, ஒரு கன்டெய்னருக்கு 500 டாலர் கூடுகிறது, அதில் 5,000 ஜோடி ஷூ இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஜோடிக்குப் பத்து சென்ட்.

தூத்துக்குடித் துறைமுகத்திலும் 2025 செப்டம்பரில், கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர். 1906ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசம் என்று அறிவித்துக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். வ.உ.சி. சிறைக்குப் போனார். கப்பல்கள் கைமாறின.

இன்றைக்குக் குடை கொடுப்பது மலிவான கசடு எண்ணெய். வாங்கிக்கொள்ளப் போகிறோமா, இல்லை பத்து சென்ட் கூடக் கொடுக்கப் போகிறோமா? நீங்களே சொல்லுங்கள்.