வெயிலுக்கும் வட்டி உண்டு

2023 ஆம் ஆண்டில் ஒரு நாட்காலை, குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகிற்காகக் காத்து நின்றோம். கரையில் எண்ணெய்ப் பீப்பாய்கள் சில கிடந்தன. வகுப்பறையில் மின்சாரத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியவர்கள் நாம். எனினும், கடல் கடந்து செல்லும் வெளிச்சத்தின் விலையை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் அந்நாளில் விளக்கெரித்தவை டீசல் யந்திரங்களே. ஒரு லீற்றர் டீசல் ஏறக்குறைய மூன்று அலகு மின்சாரம் தரும். 2022 ஜூன் இறுதியில் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கு எரிபொருட் செலவு மாத்திரமே அலகொன்றுக்கு 150 ரூபாவைத் தாண்டும். அவ்வேளையில் வறிய குடும்பமொன்று முதல் முப்பது அலகுகளுக்குச் செலுத்திய கட்டணமோ அலகுக்கு 2 ரூபா 50 சதம். நாடெங்கும் ஒரே கட்டணம் என்பது நல்ல நியதி. அதை நாம் கைவிடலாகாது. ஆனால், இடைவெளியை யார் நிரப்புவது? மின்சார சபையின் நட்டம் என்று கணக்கேட்டில் எழுதப்படுவது, முடிவில் மக்கள் தலையிலேயே விழுகின்றது.

சூரியன் கூலி கேட்பதில்லை என்பர். உண்மையே. ஒரு கிலோவாற்றுத் தகடு நமது பிரதேசத்தில் நாளொன்றுக்குச் சுமார் நான்கு அலகு தரும். ஆயின், டீசலின் செலவு நாள்தோறும் வருவது. சூரிய சக்தியின் செலவோ பெரும்பாலும் முதல் நாளிலேயே வந்துவிடுவது. ஆகவே இங்கு விலையை நிர்ணயிப்பது வெயிலன்று, வட்டியே. நூறு இலட்சம் ரூபாவை இருபதாண்டுத் தவணையில் 5 வீத வட்டிக்குப் பெற்றால் ஆண்டுக்கு எட்டு இலட்சம் கட்டவேண்டும்; 15 வீதமாயின் பதினாறு இலட்சம். அதே வெயில், அதே தகடு. விலை மட்டும் இருமடங்கு.

இன்னுமொன்று. தீவார் விளக்கேற்றுவது அந்தியில். வெயில் எறிப்பதோ நண்பகலில். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க மின்கலங்கள் வேண்டும். அவை தகடுகளுக்கு முன்பே தேய்ந்துபோவன. மழைக்காலத்திற்கென டீசல் யந்திரத்தையும் வைத்திருந்தே ஆகவேண்டும்.

இக்கணக்குகளுக்கிடையே வல்லரசுகளும் புகுந்தன. 2021 ஜனவரியில் இம்மூன்று தீவுகளின் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சீனக் கம்பனிக் கூட்டொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை; 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம். 1,700 கிலோவாற்று சூரிய சக்தி, 530 கிலோவாற்று காற்று, 2,400 அலகு மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று டீசல் என்பன திட்டத்தின் அளவு. பணம் 110 இலட்சம் டொலர் இந்திய நன்கொடை.

நன்கொடைக்கு வட்டியில்லை, அதனை நாம் இகழவில்லை. எனினும், மின்கலங்களை மாற்றவேண்டிய நாளில் யாருடைய நன்கொடை வரும்? இன்றே அதற்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்காவிடின், தீவுகள் மீண்டும் பீப்பாய்க்கே திரும்பும்.

படகில் நம்மருகே அமர்ந்திருந்த கடற்றொழிலாளி ஒருவரிடம் இத்திட்டத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்தார்.

“மாஸ்ரர், வெய்யில் எங்கட தலையிலதான் விழுகுது. கணக்கை மட்டும் வேற ஆக்கள் பாக்கினம். மீன் பழுதாகாமல் வைக்க எவ்வளவு கரண்ட் வேணுமெண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை.”

நாம் பதிலின்றி இருந்தோம். அவர் கேட்டதே பொருளாதாரத்தின் முதற் கேள்வி. பகலில் மிஞ்சும் மின்சாரம் மீனைக் குளிரூட்டுமாயின் அது வீணாகாது. தொழிலாளியின் கையில் கூலியாகவும் நிற்கும். வெயில் எவருக்கும் சொந்தமன்று. அதைப் பிடிக்கும் தகடும், அத்தகட்டின் கணக்கும் மக்களுக்குச் சொந்தமாகும் நாளிலேயே தீவில் உண்மையான வெளிச்சம் பிறக்கும்.