தரமணியில் எழுதப்படும் வாஷிங்டன் கணக்கு

தரமணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டைடல் பார்க். 2000 ஜூலையில் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்த அந்தக் கட்டடத்தால் இது கம்ப்யூட்டர் படித்தவர்களின் ஊராகப் பெயர் வாங்கிவிட்டது. ஆனால் பி.காம். முடித்தவர்களுக்கும் இங்கே ஒரு காலம் பிறந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

உலக வங்கி தன் கணக்கு வேலையில் ஒரு பகுதியை 2001-ல் சென்னைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த அலுவலகம் இருப்பது தரமணி மெயின் ரோட்டில். வங்கி என்று பெயர்தான். கவுன்ட்டர் கிடையாது, கடன் கேட்டு எவரும் வருவதில்லை. உள்ளே நடப்பது ஊழியர் சம்பளம், பில் பட்டுவாடா, கணக்கு சரிபார்ப்பு, கணினிப் பராமரிப்பு. தலைமையகம் இருக்கும் வாஷிங்டனில் காலை 9 மணி அடிக்கும்போது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் தூங்கும் நேரத்தில் நம் பகல் ஷிப்ட் பாதி வேலையை முடித்துவிடலாம். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியும் அதே 2001-ல்தான் ‘ஸ்கோப் இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் சென்னையில் பேக் ஆபீஸ் தொடங்கியது.

சம்பளம் மலிவு என்பதால் மட்டும் வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. 1907-ல் இந்தியன் வங்கியும் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் பிறந்த நகரம் இது. பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்குப் போகாத குமாஸ்தாக்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். பி.காம். படித்துவிட்டு சி.ஏ. இன்டரில் தேங்கிப்போன பையனுக்கு, தணிக்கையாளர் அலுவலகத்தின் சொற்ப உதவித்தொகையை விட்டால் வேறு வழி இல்லாதிருந்தது. இந்த அலுவலகங்கள் அவனுக்கு ஏ.சி. அறையும் பி.எஃப்.பும் கொடுத்தன.

ஊர்க்காரர்களுக்கு? பக்கத்தில் கானகம் என்ற பகுதியில் வீட்டுக்கு மேல் மாடி எடுத்து வாடகைக்கு விட்டவர்கள் தப்பித்தார்கள். மெஸ், டீக்கடை, ஷேர் ஆட்டோ, கேப் என்று பிழைப்புக்கு வழி பிறந்தது. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலைகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கான்ட்ராக்ட். ஒரே கட்டடத்துக்குள் போய்வந்தாலும் இவர்களுடைய சம்பளச் சீட்டில் வேறு கம்பெனியின் பெயர் இருக்கும். ‘இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை’ என்று செய்தி வரும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.