மூடுவதற்கு முன்னால் ஒரு படம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், சைட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

31 வருடம் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்கள் வீடு கட்டினால் "சார், ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போனதும் செல்போனை நீட்டுவார்கள். பூமி பூஜைக்கு நூறு படம். நிலை வைத்த அன்று அதைவிட அதிகம். "கம்பி கட்டி முடிச்சதுக்கும் கான்கிரீட் போட்டதுக்கும் நடுவுல எடுத்தது இருக்கா?" என்று கேட்டால் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

பூஜைப் படம் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கட்டட வேலையில் முக்கியமானது எல்லாம் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அஸ்திவாரம் மண்ணுக்குள், கம்பி கான்கிரீட்டுக்குள், பைப் பூச்சுக்குள். மூடுவதற்கு முன்னால் ஒரு நாளோ அரை நாளோதான் கிடைக்கும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு சின்ன ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருந்தான். மாடி வீடு ஒன்று. கடைசி பில் வரும் நேரத்தில் வீட்டுக்காரரின் உறவினர் யாரோ வந்து, படிக்கட்டுப் பக்கத்துப் பில்லரைத் தட்டிப் பார்த்து, "இதுல கம்பியைக் குறைச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பணம் நின்றது. ஒப்பந்ததாரர் பையனின் சம்பளத்தை நிறுத்தினார். மூன்று மாதம். அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

"சார், என்கிட்ட போட்டோ இருக்கு சார்" என்று செல்போனோடு வந்தான். நானூறு படத்துக்கு மேல் இருந்தது. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கம்பி கட்டிய படங்கள் நிறையவே இருந்தன. 16 மில்லிமீட்டர் கம்பி ஆறு, ரிங் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அந்த வீட்டில் பில்லர் பன்னிரண்டு. கிட்டத்தில் போய் எடுத்தால் பன்னிரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். எது எந்தப் பில்லர் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. "இது அந்தப் பில்லர்தான்னு எப்படி நம்புறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை.

கான்கிரீட்டை உடைக்காமலே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி உண்டு, வரவழைக்கலாம் என்றேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கடைசியில் பீமுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பில்லரின் இரண்டு முகத்திலும் மேல் கவரை மட்டும் உளி வைத்துத் தட்டி எடுத்தார்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று. ஆறும் இருந்தன. பணம் வந்தது, சம்பளமும் வந்தது. நல்ல பில்லரைக் குத்திப் பார்த்து ஒட்டுப் போட்டதுதான் மிச்சம். பெயின்ட் அடித்த பிறகும் அந்த ஒட்டு தெரிகிறது.

ஒரு அட்டையில் பில்லர் எண்ணையும் தேதியையும் எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. பத்து ரூபாய் அட்டை!

நான் சொல்லும் முறை இதுதான். ஒரே இடத்தை மூன்று தூரத்தில் எடுங்கள். முதலில் தள்ளி நின்று, பக்கத்துச் சுவரோ படிக்கட்டோ தெரு மரமோ சேர்ந்து விழும்படி. பிறகு அந்தப் பில்லர் முழுதாக, அட்டையோடு. அப்புறம்தான் கிட்டத்தில். அட்டை மூன்றிலும் விழ வேண்டும். கிட்டப் படத்தில் டேப் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் பூஜ்ய முனையும் தெரிய வேண்டும். டேப்புக்கு நேர் எதிரே நின்று எடுங்கள், சாய்வாக எடுத்தால் 150 மில்லிமீட்டர் இடைவெளி 140 என்று காட்டும். ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே மடிந்திருக்கிறதா என்பதும், கவர் பிளாக் வைத்திருப்பதும் தெரிந்தால் அந்தப் படம் தங்கம். டேப்பைப் பிடிக்கும் தம்பியின் கட்டை விரல் எண்ணை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் படங்கள் வீணாவது அந்த விரலால்தான்.

சூரியனுக்கு எதிரே எடுத்தால் கம்பியெல்லாம் கறுப்புக் கோடாகிவிடும். உச்சி வெயிலிலும் சரியாக வராது. காலை எட்டு மணி வாக்கில் போங்கள்.

சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்தவுடன், பூசுவதற்கு முன்னால், மூலையிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து எடுத்துவிடுங்கள். பின்னால் கீசர் மாட்ட வருபவர் டிரில்லை எங்கே வைக்கலாம் என்று அதுதான் சொல்லும். விரிசலுக்கு வேறு கணக்கு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுத்தால், அது வளர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த வழக்கம் இல்லை. லண்டன் ஹைட் பார்க்கில் இருந்த கிரிஸ்டல் பேலஸைப் பிரித்து எடுத்துப்போய் சிடன்ஹாமில் திரும்பக் கட்டி 1854-இல் திறந்தார்கள். அந்த வேலை வளர்ந்த விதத்தை பிலிப் ஹென்றி டெலமோட் என்பவர் படமாக எடுத்து வைத்தார். கட்டடம் 1936-இல் எரிந்துபோனது. படங்கள் இருக்கின்றன. நம் ஊரிலும் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கட்டம் கட்டமாக, இடக்குறிப்போடு படம் ஏறினால்தான் அடுத்த தவணை வரும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், தேதியும் இடமும் அடங்கிய உள்குறிப்பும் போய்விடும். ஃபைலாக, அதாவது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். எடுத்த அசல் படத்தை வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். அன்றன்றைக்குத் தேதி போட்ட ஃபோல்டரில் போட்டு, ஒரு நகல் பென்டிரைவில், ஒரு நகல் வீட்டுக்காரரிடம்.

தளக் கான்கிரீட் போடும் நாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மிக்சர் சத்தம், ஆள் கூட்டம், டீ வாங்கும் பரபரப்பு, யாரும் நிற்க விட மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம், கம்பி கட்டுகிறவர் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இருக்கும்போதே போய்விடுங்கள்.