அட்டை சொல்லாத கதை: திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டு உலா

திருவல்லிக்கேணியில் வீடு தேடுகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் பெரிய தெருவில் வண்டிகளுக்கு நடுவே நடக்கவே இடம் கிடைக்காது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிப் பூக்கடைகள் திறந்து, காபி மணம் தெருவுக்கு வரும் நேரத்தில் நடந்தால், கேட்டில் கட்டிய 'டு லெட்' அட்டைகள் நன்றாகக் கண்ணில் படும். அட்டையில் ஒரு போன் நம்பர். சிலவற்றில் அதற்கடியில் இன்னொரு வரி: 'ஃபேமிலிக்கு மட்டும்', 'சைவம் மட்டும்'. வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா என்பதையெல்லாம் அட்டை சொல்லாது.

ஒருவர் வாழ்நாளில் குடியிருக்கக்கூடிய வாடகை இடங்கள் எல்லாமே இங்கே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் மேன்ஷன். வல்லப அக்ரஹாரம் தெருப் பக்கம் போனால் மாடி மாடியாக அறைகளும், கம்பியில் காயும் லுங்கிகளும் தெரியும். வேலை தேடியும் பரீட்சைக்குப் படிக்கவும் ஊரிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களுக்குச் சென்னையின் முதல் முகவரி இதுதான். ஒரு பையோடு வந்து குடியேறலாம், அதே பையோடு காலி செய்யலாம். புரோக்கர் தேவையில்லை. சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கிறது. பொதுக் குளியலறையில் வரிசையில் நிற்பதும், அம்மா ஊரிலிருந்து வந்தால் தங்க இடமில்லாததும்தான் குறை.

அடுத்தது ஒண்டுக்குடித்தனம். முன்பகுதியில் வீட்டுக்காரர், உள்ளே முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன போர்ஷன்கள். இப்போது இப்படிப்பட்ட வீடுகள் குறைந்துவிட்டன. பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் போர்ஷன்களில் வாடகை கொஞ்சம் குறைவு, அக்கம்பக்கத்துத் துணை அதிகம். ஆனால், இரவு தாமதமாக வந்தால் கதவைத் திறக்கும்போதே ஒரு பார்வை கிடைக்கும்.

மூன்றாவது ஃபிளாட். தனிக் கதவு, தனிக் கழிப்பறை, யாரும் எட்டிப் பார்க்காத நிம்மதி. வாடகையோடு மெயின்டெனன்ஸும் சேர்ந்துகொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அட்டை சொல்லாததை விசாரித்துத் தெரிந்துகொள்வது குடியேறப் போகிறவரின் வேலை. வீட்டுக்காரரிடம் கேட்டால், "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்பார். அதே கேள்வியைத் தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேட்டால், "மே மாசம் வந்து பாருங்க சார்" என்று சிரிப்பார். எந்த வீட்டுக்கு லாரித் தண்ணீர் வருகிறது, ஐப்பசி மழையில் எந்த வாசலில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும். லாரி வந்தால் பணம் யார் தருவது, மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா, சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

அடுத்து, பல குடும்பங்களின் சேமிப்பே அடங்கிய விஷயம்: அட்வான்ஸ். பத்து மாத வாடகையைக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் ஒன்றரை லட்சம். நகை அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காலி செய்யும் நாளில் 'பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை' என்று கழித்துக்கொள்வதும், 'அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்' என்று இழுப்பதும் உண்டு.

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. 15,000 ரூபாய் வாடகைக்கு 45,000 ரூபாய்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது.

'வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை' என்ற வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். பதினொரு மாதத்துக்கு ஒரு தாள் எழுதிக்கொண்டு பதிவே வேண்டாம் என்று விட்டுவிடுவது இன்னமும் பலருக்கு வழக்கம். ஆனால், காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதே புதிய சட்டத்தின் கணக்கு. பெயின்ட் செலவு, லாரித் தண்ணீர், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை உயரும் என்பவற்றையும் அதிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை. குடியேறும் நாளில் சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வைக்கலாம்.

உலா முடியும்போது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குள் ஒரு எட்டு போய்வரலாம். 1921-ல் மறைந்த பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. அதுவும் வாடகை வீடுதான். இன்று அரசு பராமரிக்கும் நினைவில்லம். உள்ளே போய்ப் பார்ப்பவர்கள் யாரும் அதன் அன்றைய வீட்டுக்காரர் யார் என்று விசாரிப்பதில்லை. ஊருக்கு அது இன்றைக்கும் பாரதியார் வீடுதான்.